ஒட்டாத காய்ச்சல்

தீவனம் கொட்டும் நேரத்தில் பன்றி சத்தம் போடவில்லை என்றால் ஏதோ விபரீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மற்ற நாட்களில் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டதுமே காது கிழிகிற மாதிரி கத்தும். அந்தக் காலையில் நான் வண்டியோடு வளர்ப்புக் கொட்டகைக்குள் நுழைந்தபோது எல்லாம் கப்சிப். மூலை அடைப்பில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து படுத்துக் கிடந்தன. மூக்கில் சளி ஒழுகியது. கண்ணோரம் சிவந்து பீளை கட்டியிருந்தது. ஒன்றின் முதுகில் கை வைத்தேன், அனலாகக் கொதித்தது. தட்டி எழுப்பினால் எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து நாய் குரைப்பதுபோல் நாலு இருமல் இருமிவிட்டு, தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி போய்க் குவியலில் விழுந்தது.

பன்றி சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான். வண்டியை அப்படியே போட்டுவிட்டு அண்ணனிடம் ஓடினேன். கழிவு வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றிருந்தவன் அப்படியே வந்து பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“காது சிவந்திருக்கா?” என்றான்.

“இல்ல.”

“வயித்துல நீலமா திட்டு?”

“இல்ல. நல்லாப் பாத்துட்டேன்.”

“ஏதாவது செத்துச்சா?”

“இருமுது, அவ்வளவுதான்.”

“இன்னைக்கு இருமும். நாளைக்கு விழும். யார்கிட்டயும் மூச்சு விடாத, சொல்லிட்டேன்.”

அவன் எதை நினைத்துப் பயப்படுகிறான் என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன்னால் பன்றிக் காய்ச்சல் வந்தது. எங்கோ தூரத்தில் ஒரு பண்ணையில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு எங்கள் பண்ணைக்கும் வந்தது. காதெல்லாம் சிவந்து, வயிறெல்லாம் நீலம் பாரித்து, நின்ற இடத்தில் விழுந்து செத்தன. அதோடு விட்டதா? அரசாங்கத்திலிருந்து முழுவெள்ளை உடுப்பில் ஆட்கள் வந்தார்கள். செத்தது போக, துள்ளிக்கொண்டு திரிந்ததையும் கொன்று, பெரிய குழியில் தள்ளிச் சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். முந்தின வாரம் பிறந்த குட்டிகளையும் விடவில்லை. அண்ணன் அன்று குழி ஓரத்தில் உட்கார்ந்தவன், இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் தெருவே எங்களைக் கண்டு ஒதுங்கியது. கடைக்காரர் எங்கள் கையிலிருந்து சில்லறை வாங்க மாட்டார். மேஜையில் வைக்கச் சொல்வார். அப்போதுதான் கால்நடை டாக்டர் ஜீப்பின் மேல் ஏறி நின்று, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, “யாரும் பயப்பட வேண்டாம். பன்றிக் காய்ச்சல் மனிதர்களுக்கு ஒட்டாது” என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்த ஒரு வாக்கியம்தான் எங்களை மறுபடி மனிதர்களாக்கியது. அண்ணன் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். அண்ணி சொன்னாள். நானும்தான் சொன்னேன். வேண்டிய நேரத்தில் வந்த வார்த்தையை யாரும் திருப்பிப் போட்டுச் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே கணக்கு எங்களுக்குத் தெளிவாக இருந்தது. இது பன்றிக் காய்ச்சல். மனுஷனுக்கு ஒட்டாது, அதனால் நமக்கு ஆபத்தில்லை. வெளியே தெரிந்தால் அத்தனையையும் கொன்றுவிடுவார்கள். அதனால் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டும் பச்சைப் பொய் என்று அன்று யார் சொல்லியிருந்தாலும் நாங்கள் அடிக்கப் போயிருப்போம்.

எங்கள் வீட்டு வேலைப் பங்கீட்டைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குக் கழிவும் விற்பனையும். எனக்குத் தீவனமும் வளர்ப்புக் கொட்டகையும். கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று ஜெயித்தவள் நான். அதற்குப் பரிசாகப் பிறந்த வீட்டிலேயே தள்ளுவண்டி கிடைத்தது. அண்ணிக்குக் குட்டி போடும் கொட்டகை. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தாய்ப் பன்றி புரண்டு குட்டியை நசுக்காமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. மூச்சில்லாமல் விழும் குட்டியைக் கையில் ஏந்தி, துணியால் மூக்கைத் துடைத்து, அதில் தன் வாயை வைத்து ஊதுவாள். பாதிக் குட்டி பிழைத்துக்கொள்ளும்.

“அண்ணி, உங்களுக்கு அருவருப்புன்னு ஒண்ணு கிடையாதா?” என்று கேட்டால், “மூச்சு கேக்குது, குடுக்கறேன். உன் சொத்தையா எடுத்துக் குடுக்கறேன்?” என்பாள்.

இப்போது அவள் வயிற்றிலும் ஏழு மாதப் பிள்ளை. குனிய முடியாமல் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டுதான் பன்றிகளுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருமல் ஒரு அடைப்போடு நிற்கவில்லை. அடுத்த நாளே கொட்டகை முழுக்கக் குரைத்தது. அதற்கடுத்த நாள் குட்டி போடும் கொட்டகைக்குப் போய்விட்டது. இடையில் ஒரு சுவரும் ஒரு கதவும் இருந்தன; கதவருகே காலை நனைக்க மருந்துத் தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. காற்றுக்கு எந்தத் தொட்டியில் காலை நனைக்கச் சொல்வது? தாய்ப் பன்றிகள் காய்ச்சலில் பால் கொடுக்காமல் கிடந்தன. அண்ணி விளக்கடியில் உட்கார்ந்து குட்டிகளுக்குப் புட்டியில் பால் கொடுத்தாள். அதுகள் மடியில் இருந்தபடி அவள் முகத்துக்கு நேராகத் தும்மின.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணி.”

“ஒட்டாதுன்னுதான் டாக்டரே சொல்லியிருக்காரே. நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு.”

எனக்கே அந்த வாரம் காய்ச்சல் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டு, எலும்பெல்லாம் முறித்துப் போட்ட மாதிரி வலித்து, இரண்டு நாள் சுருண்டு கிடந்து எழுந்தேன். அண்ணனுக்கும் லேசாக வந்து போனது. பனி என்றோம், தூசி என்றோம், தண்ணீர் மாறியதென்றோம். பன்றிகள் இருமும் வீட்டில் நாமும் இருமுகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த ஒலிபெருக்கிக் குரல் வந்து அடக்கியிருக்கும்.

அண்ணன் வாசல் கேட்டுக்குச் சங்கிலி போட்டான். வாங்க வருகிற லாரிக்காரரிடம் எடை இன்னும் ஏறவில்லை என்று போனில் சொல்லிவிட்டான். குட்டி போட்ட பூனை மாதிரி கொட்டகைக்கும் கேட்டுக்கும் நடையாக நடந்தான். காதுகளைப் புரட்டிப் புரட்டிச் சிவப்பு வந்துவிட்டதா என்று பார்த்தான்.

இந்த லட்சணத்தில் ஒரு பிற்பகல் ஜீப் வந்து நின்றது. கால்நடை டாக்டர்தான். பக்கத்தில் வேறு எதற்கோ வந்தவர், போகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கிறார். நல்ல மனிதர். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பார். அவர் இறங்குவதைக் கொட்டகை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே அத்தனையும் குரைத்துக்கொண்டிருக்கின்றன.

அண்ணன் கேட்டை நோக்கிப் போகும் வழியில் தண்ணீர் மோட்டாரைப் போட்டான். பழைய மோட்டார், போட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. டாக்டர் கேட்டுக்கு அந்தப் பக்கம், அண்ணன் இந்தப் பக்கம். இரண்டு பேரும் கத்திப் பேசிக்கொண்டார்கள். அண்ணி விஷயம் தெரியாமல் குட்டிக் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, டாக்டரைப் பார்த்ததும் திரும்பிப் போக முடியாமல், கேட்டருகே போய் நின்றாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“எல்லாம் சௌக்கியமா?” என்று கத்தினார் டாக்டர்.

“சௌக்கியம் டாக்டர்,” என்று கத்தினான் அண்ணன்.

“உள்ள ஒரு எட்டு பாத்துட்டுப் போகட்டுமா?”

“இப்பத்தான் கழுவி விட்டிருக்கோம். ஒரே சேறு. உங்க பூட்ஸெல்லாம் நாசமாயிடும்.”

டாக்டர் சிரித்தார். அப்போது மோட்டார் தண்ணீர் இல்லாமல் காற்றை இழுத்து ஒரு நொடி திணறியது. அந்த ஒரு நொடி அமைதியில் ஒரு இருமல் கேட்டது. அண்ணன் கை கேட்டுக் கம்பியை இறுகப் பிடித்தது. இருமியது அண்ணி. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க இருமினாள். மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது.

“என்னம்மா, சளியா?” என்றார் டாக்டர்.

“ஆமா டாக்டர். தண்ணி மாறிடுச்சு.”

“வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு அலட்சியமா இருக்காதம்மா. உங்க டாக்டர்கிட்ட காட்டு. நான் நாலு கால் டாக்டர்.” தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “தப்பிச்சோம்,” என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பன்றி இருமலை அவரிடமிருந்து மறைத்துவிட்டோம் என்று அத்தனை நிம்மதி எனக்கு.

அன்று மாலையே அண்ணிக்குக் காய்ச்சல் ஏறியது. குளிர் நடுக்கம், தலைவலி, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. மறுநாள் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். போகும்போதே அண்ணன் என்னிடம், “பன்னி, பண்ணைன்னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது. ஒருத்தர் காதுல விழுந்தாப் போதும், மறுநாள் வெள்ளை உடுப்பு வாசல்ல நிக்கும். சத்தியம் பண்ணு,” என்றான். பண்ணினேன். அவன் கெட்டவன் இல்லை. ஒருமுறை எல்லாவற்றையும் மண்ணில் போட்டு மூடியவன். இன்னொரு முறை தாங்க மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

கிளினிக் டாக்டர், “நனைஞ்சீங்களா?” என்று கேட்டார். அண்ணன் சட்டென்று, “ஆமா, மழையில நனைஞ்சுட்டா,” என்றான். அந்த வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. டாக்டரும் வானத்தைப் பார்க்காமலே காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். காய்ச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு.

இதற்கிடையே கொட்டகையில் ஒரு அதிசயம் நடந்தது. முதலில் படுத்த மூலை அடைப்புப் பன்றிகள் எழுந்து நின்று தொட்டியை முட்டின. ஒன்றுகூடச் சாகவில்லை. மறுநாள் அடுத்த அடைப்பும் எழுந்தது. தீவன வண்டி கிறீச்சிட்டதும் பழையபடி காட்டுக் கத்தல். அண்ணன் நடுக் கொட்டகையில் நின்று, குழந்தை மாதிரி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

“பாத்தியா? தானா சரியாயிடுச்சு. ஒருத்தருக்கும் தெரியாம முடிஞ்சுது. போய் உங்க அண்ணிகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவா.”

ஓடினேன். அண்ணி கட்டிலில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு முகம் மலர்ந்தது. “எல்லாம்...” என்றாள். நின்றாள். மூச்சை இழுத்தாள். “எந்திரிச்...” மறுபடி நின்றாள். மறுபடி இழுத்தாள். “...சுடுச்சா?”

ஒரு சின்ன வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. ஜன்னல் திரையை விலக்கினேன். உதடு வெளிறி நீலம் பாய்ந்திருந்தது. “பிள்ளை அசையுதா அண்ணி?” என்று கேட்டேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்வியா அது?

பெரிய ஆஸ்பத்திரிக்கு வேனில் போனோம். பன்றி ஏற்றுகிற வேன்தான். வேறு எது இருக்கிறது? பின்னால் மெத்தையைப் போட்டு, அவளை என் மேல் சாய்த்துக்கொண்டேன். வழி முழுக்க அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன்.

அவசரப் பிரிவில் விரலில் ஏதோ கருவியை மாட்டினார்கள். நர்ஸ் அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் ஓடினாள். வந்தவள் என் வயதுக்கும் குறைந்த ஒரு பெண் டாக்டர். மாஸ்க்குக்கு மேலே தூக்கமில்லாத கண்கள். அண்ணிக்கு மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மூடியைப் பொருத்திக்கொண்டே அண்ணனிடம் மளமளவென்று கேட்டாள்.

“எத்தனை நாளா காய்ச்சல்?”

“மூணு நாலு நாளா.”

“வீட்டுல வேற யாருக்காவது?”

“இல்ல.”

“என்ன வேலை பாக்கறாங்க?”

“வீட்டுலதான் இருக்கா.”

“கோழி, பன்னி, ஏதாவது வளக்கறீங்களா?”

“இல்ல டாக்டர்.”

எங்கள் மூன்று பேர் தலைமுடியிலும் பன்றி வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்தப் பெண்ணுக்கு மாஸ்க் இருந்ததால் தெரியவில்லை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. மூடிக்குள் அண்ணியின் மூச்சு வெள்ளையாகப் படிந்து மறைந்து, படிந்து மறைந்து கொண்டிருந்தது. அவள்கூட வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தாள். சொல்லாதே என்கிறாள். மூச்சு விடத் திராணி இல்லாதவள் அதற்கு மட்டும் தலையை அசைக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் சத்தியமாவது ஒன்றாவது.

“டாக்டர், எங்கண்ணன் பொய் சொல்றாரு,” என்றேன். “எங்களுக்குப் பன்னிப் பண்ணை இருக்கு. ரெண்டு வாரமா எல்லாத்துக்கும் காய்ச்சல், இருமல். இவங்கதான் மடியில போட்டுப் பாத்துக்கிட்டாங்க. எனக்கும் காய்ச்சல் வந்துச்சு. அவருக்கும் வந்துச்சு.”

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். டாக்டர் என் பக்கம் திரும்பினாள். முதல் வேலையாக எனக்கும் அவனுக்கும் ஆளுக்கொரு மாஸ்க்கை நீட்டினாள்.

“பன்னி ஏதாவது செத்துச்சா?”

“ஒண்ணுகூட இல்ல. இப்ப எல்லாம் நல்லா சாப்பிடுது.”

“இதை ஏன் முதல்லயே சொல்லல?”

“பன்றிக் காய்ச்சல் மனுஷனுக்கு ஒட்டாதில்ல டாக்டர்.”

“யார் சொன்னது?”

“போன தடவை வந்தப்ப, கால்நடை டாக்டர் மைக்குல சொன்னாரு.”

“போன தடவை பன்னிங்க செத்துச்சா?”

“எல்லாம் செத்துச்சு.”

“அது வேறம்மா. அது பன்னிய மட்டும் கொல்லும், ஆளுக்கு வராது. அவர் சொன்னது சரி. இது ஃப்ளூ. பன்னி ஒரு வாரம் படுத்து எந்திரிச்சுடும். ஆளுக்கு வரும், ஆள்கிட்ட இருந்து ஆளுக்கும் போகும், திரும்பப் பன்னிக்கும் போகும். கர்ப்பிணிகளைத்தான் மோசமா தாக்கும்.”

“ஆனா பேரு...”

“பேரு ரெண்டுக்கும் ஒண்ணுதான்,” என்றாள். சொல்லிக்கொண்டே அண்ணியின் மூக்கில் நீளமான பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தாள். “ரிசல்ட் வர்றவரைக்கும் காத்திருக்க வேணாம். மருந்தை இப்பவே ஆரம்பிங்க,” என்று நர்ஸிடம் சொன்னாள். பிறகு என்னிடம், கொஞ்சம் தணிந்த குரலில், “முதல் ரெண்டு நாள்ல வந்திருந்தா நல்லாக் கேக்கும். இப்பவும் குடுக்கணும், குடுக்கறோம்,” என்றாள்.

அண்ணியைத் தள்ளுகட்டிலில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் அண்ணன் அவள் காலைப் பிடித்துக்கொண்டே போனான். அதற்கு மேல் விடவில்லை. மூச்சுக்குழாய் போட வேண்டும், பிள்ளையை அறுவை செய்து எடுக்க வேண்டி வரலாம் என்று கையெழுத்து வாங்கினார்கள். எங்கே போடுவது என்றுகூட அவனுக்குக் கண் தெரியவில்லை. நர்ஸ்தான் விரலை வைத்துக் காட்டினாள்.

மறுநாள் காலை அது ஃப்ளூதான் என்று உறுதியாயிற்று. கால்நடைத் துறைக்கும் தகவல் கொடுத்திருக்கிறோம், இன்றைக்கே பண்ணைக்கு வருவார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அண்ணன் எழுந்தான். எங்கே என்று கேட்பதற்குள் வேன் சாவியை எடுத்துவிட்டான். நானும் ஓடிப் போய் ஏறிக்கொண்டேன்.

“அண்ணி இங்க கிடக்கறாங்க. உனக்குப் பன்னி முக்கியமா போச்சா?”

“இங்க கதவைப் பாத்துக்கிட்டு உக்காந்து நான் என்னத்தைக் கிழிக்கப் போறேன்?” என்றான். “அவ வந்து கேட்டா என்ன சொல்றது? எல்லாத்தையும் குழியில போட்டாங்கன்னா? அவ ஊதி ஊதிப் பொழைக்க வெச்சதுங்க.”

பண்ணைக்கு வந்ததும் கேட்டுக்குள் நின்று சங்கிலியைப் பூட்டி, மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான். ஜீப் வந்தது. கால்நடை டாக்டரும் கூட ஒருவரும் இறங்கினார்கள். வெள்ளை உடுப்பு, மாஸ்க், கையில் ஒரு பெட்டி. அந்த உடுப்பைப் பார்த்ததும் அண்ணன் மண்வெட்டியை ஓங்கினான்.

“ஒருத்தன் உள்ள வரக்கூடாது. என்னை முதல்ல குழியில போட்டுட்டு அப்பறம் அதுங்களைப் போடுங்க.”

“எந்தக் குழி?” என்றார் டாக்டர்.

“கொல்லத்தான வந்திருக்கீங்க?”

டாக்டர் மாஸ்க்கை இறக்கினார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. “மூக்குல குச்சி விட்டுச் சளி எடுக்க வந்திருக்கேன்யா. இதுக்குப் போய் யாராவது பன்னியக் கொல்லுவாங்களா? கொஞ்ச நாள் வெளிய விக்காத, கொட்டகைக்குள்ள மாஸ்க் போட்டுக்க, காய்ச்சல்காரங்க உள்ள போகாதீங்க. அவ்வளவுதான். அதுங்களே எந்திரிச்சிருக்குமே இந்நேரம்?”

உள்ளே தீவனம் கேட்டு அத்தனையும் கத்திக்கொண்டிருந்தன.

“போன தடவை...” என்றான் அண்ணன்.

“அது வேற நோய்யா.”

“நீங்கதான மைக்குல சொன்னீங்க. பன்றிக் காய்ச்சல் ஒட்டாதுன்னு.”

அன்றைக்கு இதே கேட்டருகே அண்ணி இருமியது டாக்டருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிராத மோட்டாரைத் திரும்பிப் பார்த்தார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா,” என்றார். “அன்னைக்கே சொல்லியிருந்தா நானே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்.”

அண்ணன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். சங்கிலியைத் திறக்கப் பார்த்தான். சாவி பூட்டில் நுழையவில்லை. நான் வாங்கித் திறந்தேன். அவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தபோது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. அண்ணியின் மூச்சைக் காப்பாற்றப் பிள்ளையை வெளியே எடுத்தார்களாம். ஆண் பிள்ளை. கொஞ்ச நேரம்தான் உயிரோடு இருந்ததாம்.

அண்ணி பிழைத்தாள். எப்படிப் பிழைத்தாள் என்று அந்தப் பெண் டாக்டருக்கே ஆச்சரியம். வெகு நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். பிள்ளை விஷயத்தை நர்ஸ்கள் பக்குவமாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் முதன்முதலாக உள்ளே போனபோது அவள் அழுது முடித்திருந்தாள். கண்ணெல்லாம் வற்றி, கன்னம் ஒட்டி, பாதியாகக் கிடந்தாள். அண்ணன் கட்டிலருகே நின்று எதையும் தொடப் பயந்தவன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவள்தான் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“வெள்ளை உடுப்பு வந்துடுச்சா?” குரல் கரகரத்தது. “எத்தனை போச்சு?”

“ஒண்ணுகூடப் போகல,” என்றான்.

அவள் கண்ணை மூடி, பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சைப் பார்க்க எத்தனை நாள் காத்திருந்தோம். அது இதற்காகவா வர வேண்டும்?

“அழாதீங்க,” என்றாள். அவன் அழுதுகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. “நமக்குக் குடுத்து வெக்கல. அதுங்க எந்திரிக்கறவரைக்கும் நீங்க வாயைத் தொறக்காம இருந்ததாலதான் அதுங்களாவது பொழைச்சுது. அதையும் விட்டிருந்தா நாம என்ன பண்ணியிருப்போம்?”

நான் அண்ணனைப் பார்த்தேன். சொல்லாதே என்று மனசுக்குள் கத்தினேன். ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் அவன் பொய்யை உடைத்தவள் நான். அந்த நிமிடம், எந்தப் பொய்யானாலும் சரி, அவளிடம் அதைச் சொல்லிவிட்டுப் போ என்று கெஞ்சிக்கொண்டு நின்றேன். அவள் இழந்ததற்கு ஒரு காரணமாவது மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவன் குனிந்து அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

“சொல்லியிருந்தாலும் கொன்னிருக்க மாட்டாங்களாம்,” என்றான்.

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிய நேரம் பிடித்தது. புரிந்தது. கையை அவன் கைக்குள்ளிருந்து மெல்ல உருவிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.